ஒரு பிள்ளைக்கு ஒரு நாற்காலி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணவரின் வலது கை அவர் பேச்சைக் கேட்பதில்லை என்பதை நான் கவனித்தேன். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மேசைமேல் சும்மா கிடந்த அந்தக் கை மெல்ல மூடிக்கொண்டது. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நான்கும் மறுபக்கம், நடுவில் எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிற மாதிரி. மணிச் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகு தானாகவே திறந்துகொண்டது. அவர் கையை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டு பேப்பர் படிப்பதாக நடித்தார்.

வேறு யாராவது என்றால் சுளுக்கு என்று தைலம் தேய்த்துவிட்டிருப்பேன். ஆனால் இளம்பரிதி கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சை செய்கிற டாக்டர். அந்தக் கையை நம்பித்தான் ஊர் பேர் தெரியாத குடும்பங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்கின்றன.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றேன்.

"என்னது?"

"நடிக்காதீங்க. உங்களுக்கு வராது."

பேப்பரைக் கீழே வைத்தார். "மூணு வாரமா. சைக்கிள் மணி கேட்டா மட்டும்தான்."

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள சைக்கிள் வராதுதான். ஆனா உங்க மெஷின் ஏதாவது ஒண்ணு டிங்குனு சத்தம் போட்டா?"

"வியாழக்கிழமை கேஸை ஜூனியர்கிட்ட குடுத்துட்டேன். இது என்னன்னு தெரியற வரைக்கும் நான் கத்தியத் தொடப் போறதில்ல," என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கேஸை இன்னொருவரிடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அவர் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒருவர் இறக்கிறார், இங்கே ஒருவர் பிழைக்கிறார். அந்த நேரத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. போன் அடித்தால் கிளம்ப வேண்டியதுதான். எங்கள் மகள் நிறைமதியின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது கிளம்பியவர், மறுநாள் வந்து காய்ந்துபோன கேக்கைச் சாப்பிட்டார். இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு எத்தனை விழா நடத்துகிறார்கள் என்பதை ஒரு டாக்டரின் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. யாரோ ஒருவரின் அப்பா பிழைத்துக்கொண்டிருக்கும்போது, என் பெண்ணின் மாறுவேடப் போட்டிக்கு வராமல் போனீர்களே என்று எந்த வாயால் கேட்பது?

அதனால்தான் 'உடன்' என்ற அந்தச் சேவை வந்தபோது அவர் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்கு விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

"நம்ம சார்பா ஒருத்தர் போய் விழாவுல உட்காருவாரு. உடனாள்னு பேரு. காதுக்குப் பின்னாடி பிளாஸ்திரி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும். அவர் பாக்கறது, கேக்கறது, வெயில், வேர்வை எல்லாம் அதுல பதியும். சாயங்காலம் அதே மாதிரி ஒண்ண நான் ஒட்டிக்கிட்டு அரை மணி நேரம் படுத்தா போதும். எழுந்திருக்கும்போது நான் போயிட்டு வந்த நினைவு எனக்கே இருக்கும்."

"வீடியோ எடுத்து அனுப்பினா ஆகாதா?"

"வீடியோ பாத்தா பாத்த மாதிரிதான் இருக்கும், அரசி. இது இருந்த மாதிரி இருக்கும்."

நான் சினிமா, சீரியல் எல்லாம் வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்கிறவள். இருந்த மாதிரி இருக்கிறது என்று நம்பவைப்பதுதான் என் பிழைப்பு. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. "அப்ப அந்த உடனாளுக்கும் நம்ம பொண்ணு நினைவு இருக்குமே?"

"இருக்காது. அன்னிக்கே அவர்கிட்டேயிருந்து எடுத்துடுவாங்க. சட்டமே அப்படித்தான். ஊரான் குழந்தையோட நினைவு வெளியாள் தலைக்குள்ள இருக்கக் கூடாதுன்னு."

மதியின் பள்ளிக்கூடத்தில் மைதானம் சின்னது. அதனால் விழா என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாற்காலிதான். முதுகில் பிள்ளையின் பெயரை ஒட்டியிருப்பார்கள். நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டிருந்த அந்த நாற்காலி, அதற்குப் பிறகு உடனாளுக்குப் போனது. "அப்பாவும் ஒரு வருஷம் பாக்கட்டுமே," என்று நானும் விட்டுக்கொடுத்தேன். வீட்டில் இருந்து சீரியல் மாமியார்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பரிதி ஆளே மாறிப்போனார். ஆண்டு விழாவில் மதியின் சலங்கை அவிழ்ந்தது, நீச்சல் குளத்தில் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்தது. யாராவது சொல்லித் தெரிந்துகொண்ட விஷயமாக அவர் பேசுவதில்லை. "நான் இருந்தேனே," என்பார். அதை மறுக்க என்னால் முடியாது. நான்தான் அங்கே இல்லை.

விளையாட்டு விழா முடிந்த மறுநாள் சாப்பாட்டு மேசையில் மதி ஆரம்பித்தாள். "அப்பா, லெமன் ஸ்பூன் ரேஸ்ல நான்தான் முன்னாடி போயிட்டிருந்தேன். அப்ப பெரிசா ஒரு காத்து அடிச்சுதா..."

"காத்தே அடிக்கலடா கண்ணா," என்றார் பரிதி சிரித்துக்கொண்டே. "எலுமிச்சம்பழம் விழுந்துடுச்சு. நீ கையால எடுத்து ஸ்பூன்ல வெச்ச. டீச்சர் விசில் ஊதினாங்க. அஞ்சாவது வந்த. பரவால்ல, நல்லா ஓடின."

மதி தட்டைப் பார்த்துக்கொண்டு தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தாள். அப்பாவுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது என்ற பிரமிப்பு என்று அப்போது நான் எடுத்துக்கொண்டேன்.

கை மூடிக்கொள்ள ஆரம்பித்தது அந்த விளையாட்டு விழாவுக்குப் பிறகுதான் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் தெரிந்தது. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டாராம். நரம்பு டாக்டர் நண்பர் ஒருவர், "உன் மூளை என்னோடதைவிட நல்லாருக்கு, போய் வேலையைப் பாரு," என்று அனுப்பிவிட்டாராம்.

"அன்னிக்கு நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றேன். "ஆனா கதையா சொல்லாதீங்க. கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

மதி அதே மேசையில் உட்கார்ந்து கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பரிதி கண்ணை மூடிக்கொண்டார்.

"சேர்ல உட்கார்ந்திருக்கேன். முன்னாடி ஒரு அம்மா, பெரிய கொண்டை. மறைக்குது. எட்டி எட்டிப் பாக்கறேன்."

"நீங்க ஆறடி. உங்களுக்கு எந்தக் கொண்டையும் மறைக்காது. அந்தாளு குள்ளம். சரி, அப்புறம்?"

"மதி ஓடறா. பழம் விழுது. விசில். நான் கைதட்டறேன். அப்புறம் அடுத்த ரேஸுக்குக் கோடு போடறாங்க. அப்ப இந்தப் பக்கம் திரும்பறேன்."

"ஏன் திரும்பறீங்க? மதி அந்தப் பக்கம்ல நிக்கறா?"

அவர் யோசித்தார். "மணிச் சத்தம். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தெருவுல ஒரு பொண்ணு சைக்கிள்ல போகுது. பத்து வயசு இருக்கும். நீலப் பாவாடை. ஒரு கால்ல செருப்பு இல்ல. என்னையே பாத்துக்கிட்டு ஓட்டுது. இடது கையை எடுத்து ஒரு தடவை ஆட்டுது. அவ்வளவுதான். போயிடுச்சு."

"அதுக்கு ஏன் அழறீங்க?"

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணீர் வந்திருந்தது அவருக்கே தெரியவில்லை. "தெரியல. எல்லாத்தையும்விட அதுதான் பளிச்சுனு இருக்கு. மதி ஓடினதைவிட." இதை அவள் காதுபடச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "யார்னே தெரியாத ஒரு பொண்ணு, அரசி."

"அப்ப கைல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஆனா இருக்கற மாதிரி இருக்கு. ரப்பரோ தோலோ. வெயில்ல காஞ்சு சூடா."

"சைக்கிள் சீட்," என்றாள் மதி, பென்சிலிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"அந்த அக்காவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. சகாயராஜ் அங்கிள்தான் தினமும் பின்னாடி சீட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடுவாரு. ஸ்கூல் வேன்லேர்ந்து நான் பாத்திருக்கேன். அன்னிக்கு யாரும் பிடிக்காம தனியா ஓட்டிக்கிட்டு வந்து அவருக்குக் காமிச்சா. அங்கிள் சேர்லேர்ந்து எழுந்து நின்னு கையை இப்படி வெச்சுக்கிட்டாரு." கையை மூடிக் காட்டினாள். பரிதியின் கை மூடுகிற அதே மாதிரி. "அவர் பொண்ணுதான். ரூத் அக்கா."

"சகாயராஜ் யாரு?"

"உடன் அங்கிள். வேற யாரு?" பென்சில் முனையை ஊதினாள். "ஒவ்வொரு தடவையும் அவர்தான் வர்றாரு. ஆனா அவருக்கு என்னைத் தெரியாது. நான்தான் போய்ப் பேர் சொல்லணும். நல்ல பேர்னு சொல்வாரு. ஒவ்வொரு தடவையும் சொல்வாரு. ஸ்கூலுக்குப் பின்னாடி தெருவுலதான் வீடு."

"இதெல்லாம் நீ ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே. அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

எனக்குச் சுருக்கென்றது. பரிதி எழுந்துபோய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

அந்தத் தெருவுக்கு நாங்கள் போனபோது மதியம் ஆகியிருந்தது. மதி காட்டிய வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. கதவைத் திறந்தவர் என் தோள் உயரம்தான் இருந்தார். பின்னாலிருந்து கறிக்குழம்பு மணம் வந்தது.

"யாருங்க வேணும்?"

"நான் நிறைமதி, அங்கிள்," என்றாள் மதி.

"நல்ல பேரும்மா."

"போன தடவையும் அதான் சொன்னீங்க."

அவர் முகம் மாறியது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "உங்க பாப்பாவுக்கு நான் உட்கார்ந்திருக்கேனா சார்? வாடிக்கையாளரைப் பாக்கக் கூடாதுன்னு கண்டிஷன் இருக்கு. யாராவது பாத்தா வேலை போயிடும். உள்ள வாங்க, சீக்கிரம்."

உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்ததும் பரிதி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ குழந்தைகளைப் பார்க்கிற மனிதர். அந்தக் குழந்தைகளை அவர் பார்க்கும் விதம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. மதியை மட்டுமே அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்திருக்கிறேன். சத்தியமாக எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"நீலப் பாவாடை போட்டிருந்தியேம்மா," என்றார் அவளிடம். "ஒரு செருப்பு எங்கேயோ விழுந்துடுச்சு. வேலிகிட்ட வரும்போது இடது கையை எடுத்து ஆட்டின."

ரூத் அட்டையைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கே தெரியாதே."

"என்ன தெரியாது?" என்றார் சகாயராஜ்.

மதிதான் சொன்னாள். "அக்கா சைக்கிள் ஓட்டினது, அங்கிள். தனியா."

சகாயராஜ் சிரித்தார். "இவளா? இவளுக்கு எங்கம்மா ஓட்ட வருது. இன்னிக்குக் காலையிலகூட கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடினேன். விட்டுடாதப்பா, விட்டுடாதப்பான்னு ஒரே கத்தல்." சொல்லிக்கொண்டே மகளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

"ரூத்து?"

"நீ பாத்தப்பா," என்றாள் அவள். "எழுந்து நின்னு பாத்த. அழுத. நான் நல்லா பாத்தேன், நீ அழுத. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வாடி சீட்டைப் பிடிக்கறேன்னு கூப்பிட்ட."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா. அன்னிக்கு மதியமே எனக்கு இல்ல."

"தெரியும். அதான் ஒண்ணும் சொல்லல."

சகாயராஜ் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். முன்பு ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாராம். பஸ்ஸெல்லாம் ஆள் இல்லாமல் தானே ஓட ஆரம்பித்ததும் இந்த வேலைக்கு வந்தாராம். "அரை நாள்தான் வேலை. மிச்ச நேரம் பொண்ணுகூட இருக்கலாம்னு வந்தேன் சார்," என்றார். இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்தி கண்முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார், ஆனால் அது அவருக்குத் தெரியாது. இன்னொருத்தியின் அப்பாவுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை ஓட்டிக் காட்டும்மா," என்றேன் ரூத்திடம். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை. "அப்பா இப்ப பாப்பாருல்ல?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கொஞ்சம் இரக்கம்தான் இருந்தது. "அவருக்கு அது முதல் தடவை, ஆன்ட்டி. எனக்கு இல்லையே. அன்னிக்கு நிஜமா பயந்துக்கிட்டு ஓட்டினேன். இனிமே பயப்படற மாதிரி நடிக்கத்தான் முடியும். தினம் அதான் பண்றேன்."

பரிதி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது உங்களோடது, சகாயராஜ்," என்றார். "என்கிட்ட வந்துடுச்சு. திருப்பிக் குடுக்கறேன்."

சொல்வது சுலபம். மறுநாள் 'உடன்' அலுவலகத்தில் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த பிரபாவதி என்ற பெண்ணுக்கு இது பிடிக்கவே இல்லை. நல்ல பெண்தான். சகாயராஜ் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தாள்.

"உடனாளோட சொந்த நினைப்பெல்லாம் நாங்க வடிகட்டிடுவோம் சார். பேரு, வீடு, கவலை எல்லாம். ஆனா அந்தப் பொண்ணு வேலிக்கு வெளிய போனா. மெஷினுக்கு அவ தெருவுல போற யாரோ. அதனால விட்டுடுச்சு. உணர்ச்சியையும் கைப்பழக்கத்தையும் வடிகட்டினா நினைவே செத்துப்போயிடும். அதனால அதை நாங்க தொடறதில்ல."

"அந்தப் பொண்ணு வர்ற துண்டை மட்டும் வெட்டி அவர்கிட்ட குடுத்துடுங்க," என்றேன். "நான் தினமும் அதான் பண்றேன்."

"உங்ககிட்ட இருக்கறது படம், மேடம். இது அப்படி இல்ல. அன்னிக்கு மதியம் முழுக்க ஒரே பின்னல். ஒரு இழையை உருவினா எல்லாம் அவிழ்ந்துடும். குடுத்தா முழுசா குடுக்கணும்."

"காப்பி எடுத்துட்டு?" என்றார் பரிதி.

"முடியாது சார். ஒரே நினைவு ரெண்டு பேர்கிட்ட இருக்கக் கூடாது. ஒரு கேஸ்ல ரெண்டு பேரும் நான்தான் நேர்ல பாத்த சாட்சின்னு கோர்ட்டுல வந்து நின்னுட்டாங்க. அதுலேர்ந்து தடை. நீங்க குடுத்தா உங்ககிட்ட இருக்காது. பாப்பா ஓடினது, அதுக்கப்புறம் வீட்டுல அதைப் பத்தி நீங்க பேசினது, எல்லாம் ஒட்டிக்கிட்டு வந்துடும். கை சரியாகலாம். உங்க பொண்ணோட ஸ்போர்ட்ஸ் டே உங்களுக்கு இருக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அது அவர்கிட்ட போகும். வெளியாள்கிட்ட உங்க குழந்தையோட நினைவு. அதனால குழந்தை சம்மதம் வேணும்."

பரிதிக்கு இருப்பதே அப்படிப்பட்ட சில மதியங்கள்தான். அவர் சம்பாதித்து வைத்த அப்பாத்தனம் முழுவதும் அதில்தான் இருந்தது. அதில் ஒன்றைத் தூக்கிக் கொடுக்க வேண்டும், அதுவும் கேட்கக்கூட வராத ஒரு மனிதருக்கு. இன்னொரு பக்கம் அவர் கையும், அதை நம்பிக் காத்திருக்கிறவர்களும். கைக்காகத்தான் கொடுக்கிறாரோ என்று நான் ஒரு கணம் சந்தேகப்பட்டேன். அதை அவரே தீர்த்துவைத்தார்.

"கை இப்படியே இருந்தாலும் குடுக்கணும், இல்ல?" என்றார் என்னிடம்.

"ஆமா," என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் மதியைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார். ஒரு நோயாளியின் குடும்பத்துக்குச் சொல்வதுபோல் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். நீ ஓடினது எனக்கு மறந்துவிடும், நான் அங்கே இருந்ததே இல்லை என்று ஆகிவிடும், உனக்குச் சம்மதமா, என்று கேட்டார். கேட்டு முடிக்கும்போது அவர் குரல் உடைந்தது.

மதிக்கு எதற்கு இத்தனை பேச்சு என்றே புரியவில்லை.

"குடுத்துடுங்கப்பா," என்றாள். "நீங்க அன்னிக்கு வரலைல்ல?"

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இன்றைக்குத் திங்கட்கிழமைதானே என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதனால்தான் எங்கள் இரண்டு பேராலும் அதைத் தாங்க முடியவில்லை.

மாற்றுகிற வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு அறைகள், நடுவில் கண்ணாடி. சகாயராஜ் முதலில் எழுந்தார். எழுந்து உட்கார்ந்து தன் வலது கையை மூடினார், திறந்தார். வாசலில் நின்றிருந்த ரூத் கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"அழறாரு," என்றாள் மதியிடம், ரகசியமாக.

பிறகு உள்ளே ஓடிப்போனாள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது என்று திரும்பி நின்றுகொண்டேன்.

சகாயராஜ் அந்த வேலையை விட்டுவிட்டார் என்று சொன்னால் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும், எனக்கும் இருக்கும். விடவில்லை. வேறு வேலை எங்கே இருக்கிறது? நான் உடனாளாக உட்கார்ந்திருக்கும்போது என் கண்ணில் படாதே என்று ரூத்திடம் சொல்லிவைத்திருக்கிறாராம். பள்ளிக்கூடத்தில் விழா என்றால் அவள் பெரியதெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். சைக்கிளில்தான் போகிறாள்.

பரிதியின் கை சரியாகிவிட்டது. அடுத்த வாரமே ஒரு கேஸ் செய்தார். அந்த மனிதர் இப்போது நடமாடுகிறார். 'உடன்' சேவையை நிறுத்திவிட்டோம். நினைவைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே, இனிமேல் எல்லா விழாவுக்கும் வந்துவிடுவேன் என்று அவர் சத்தியம் செய்யப்போனார். நான்தான் தடுத்தேன். போன் அடித்தால் அவர் போவார், போக வேண்டும். அதில் பொய் எதற்கு?

"முடிஞ்சப்ப வாங்கப்பா. முடியலைன்னா சேர் காலியா இருக்கட்டும்," என்றாள் மதி.

"காலியா எதுக்கு? நான் வந்து உட்காரமாட்டேனா?" என்றேன்.

"நீ வேணாம்மா. நீ வந்தா அப்பாகிட்ட எல்லாத்தையும் உள்ளபடி சொல்லிடுவ."

இதற்கு எனக்கு அர்த்தம் புரிந்தது அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில்தான். வந்ததிலிருந்து பரிதி வீட்டில் எதையோ தொலைத்தவர் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார். என்ன தொலைந்தது என்றும் தெரியவில்லை, அதுதான் கஷ்டம். தட்டில் சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டார்.

"மதி, உங்க ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே நடந்துச்சாமே. நீ எதுல கலந்துக்கிட்ட?"

மதியின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அப்பா முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று உறுதியானதும் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் அப்பாவிடம் சொல்ல எதுவுமே மிச்சமில்லாமல் இருந்திருக்கிறது. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"லெமன் ஸ்பூன் ரேஸ்ப்பா. நான்தான் முன்னாடி போயிட்டிருந்தேன். அப்ப பெரிசா ஒரு காத்து அடிச்சுது. எல்லாரோட பழமும் கீழ விழுந்துடுச்சு."

"உன்னோடது?"

"என்னோடது விழல."

"அப்ப நீதான் ஃபர்ஸ்ட்டா?"

"ஆமா."

"கப்பு எங்க?"

"கப்பு குடுக்கறதுக்குள்ள மழை வந்துடுச்சு," என்றாள் கொஞ்சமும் தயங்காமல்.

பரிதி என் பக்கம் திரும்பினார். "நிஜமாவா, அரசி? நீ அன்னிக்குப் போயிருந்தியா?"

மதியும் என்னைப் பார்த்தாள்.

"நான் எங்கே போனேன்," என்றேன். "அன்னிக்கு அங்க இருந்தது அவ ஒருத்திதான். அவளையே கேளுங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.

மதி தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.